தண்ணி ஊசி

ஆம்பூலின் கழுத்தில் சின்ன ரம்பத்தால் ஒரு கீறு கீறி, பஞ்சை வைத்துப் பிடித்து மட்டென்று ஒடித்தாள் செல்லக்கனி. உள்ளே இருந்தது வெறும் தண்ணீர். காய்ச்சி வடித்த, சுத்தமான, தன்னந்தனியாக ஒன்றுக்கும் உதவாத தண்ணீர். பொடி மருந்தைக் கரைப்பதற்கென்று பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருப்பார்கள். இன்றைக்குக் கரைக்க எந்தப் பொடியும் இல்லை. இரண்டு சி.சி.யையும் கண்ணாடி சிரிஞ்சில் ஏற்றினாள். முனையில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும்வரை அழுத்திவிட்டு, டிரேயில் வைத்து மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள். எதற்கு மூடினாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"ஏம்மா, ஊசி வருதா இல்லையா?" என்று வார்டிலிருந்து டாக்டர் கண்ணபிரான் சத்தம் கொடுத்தார்.

இராஜபாளையத்தில் தென்காசி ரோட்டைப் பார்த்த பன்னிரண்டு கட்டில் நர்சிங் ஹோம் அது. எண்பத்தொன்பதாம் வருஷத்துச் சித்திரை வெயில் காலையிலேயே ஓட்டு வராந்தாவில் ஏறிவிட்டது. கண்ணபிரான் டாக்டரைச் சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு டாக்டர்களைத் தாண்டி இவரிடம் வருவார்கள். மகாராஜபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கத்தியைப் பிடித்தால் அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. கத்தியைக் கீழே வைத்த பிறகும் சந்தேகம் கிடையாது என்பதுதான் சங்கடம்.

ஆறாம் நம்பர் கட்டிலில் கிடந்தவள் சண்முகத்தாய். பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம், வாக்கப்பட்டது சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற பவர்லூமில் அவளுக்கு வேலை. சனிக்கிழமை தறியின் பெல்ட் அவள் வலது முழங்கைக்குக் கீழே பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டது. எலும்பு இரண்டும் முறிந்து போயின. திங்கட்கிழமை காலையில் பிளேட் வைத்து, மாவுக்கட்டுப் போட்டு, மேலே ஆறு இன்ச் பேண்டேஜை இறுக்கமாகச் சுற்றினார் டாக்டர். மயக்கம் தெளிந்து சண்முகத்தாய் முதலில் பார்த்தது அந்தத் துணியைத்தான். "இது எங்க தறித்துணி சிஸ்டர், இழைய பாத்தாலே சொல்லிருவேன்" என்று அந்த நிலையிலும் அவளுக்கு ஒரு பெருமை.

அன்றிரவு அவளுக்கு ஒரே ஒரு பெத்தடின் ஊசி போட்டார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் புதுச் சட்டம் வந்ததிலிருந்து அந்த மருந்துக்குச் சொட்டுச் சொட்டாகக் கணக்குக் காட்ட வேண்டும். அபினிக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரும்புப் பீரோவில் பூட்டிச் சாவியை டாக்டர் பேண்ட் பையில் வைத்திருப்பார். ஆனால் வலிக்கு அதைப் போல ஒன்று கிடையாது. சண்முகத்தாய் குழந்தை மாதிரித் தூங்கினாள். விடியும்போது வலி திரும்பி வந்தது, முன்னைவிட மூர்க்கமாக. செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் வந்ததும் அவள் வாய்விட்டுக் கேட்டாள்: "ஐயா, நேத்து ராத்திரி போட்டீகளே, அந்த ஊசியையே இன்னொண்ணு போடுங்கய்யா."

கேட்டதுதான் குற்றமாகிப் போனது. டாக்டர் செல்லக்கனியைத் தள்ளிக்கொண்டு போய், "பாத்தியா, ஒரே ஊசியில ருசி கண்டுட்டா. இப்படிக் குடுத்துக் குடுத்துத்தான் அடிமையாக்குறது. டி.டபிள்யூ. ரெண்டு சி.சி. எடு. வலி நிசமா நடிப்பான்னு தெரிஞ்சிரும்" என்றார். டி.டபிள்யூ. என்றால் அந்தத் தண்ணீர். அதைப் போட்டும் வலிக்கிறது என்றால் நிஜ வலி. தேவலை என்றால் நடிப்பு. எந்தப் புத்தகத்தில் படித்தாரோ, வலியை அளக்க அவர் வைத்திருந்த ஒரே தராசு அதுதான்.

தண்ணீர் ஊசி சாமானியமாக இருக்காது. சதைக்குள் இறங்கும்போது மிளகாயை அரைத்து வைத்த மாதிரி காந்தும். இடது கையில் ஊசி ஏறியபோது சண்முகத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா காரமான ஊசி" என்றாள். அவள் புருஷன் இருளப்பசாமி தலைமாட்டில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றான். டாக்டர் எங்கும் போகவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே கால்மணி நேரம் நின்றார். எம்.எஸ். படித்த டாக்டர், வெளியே நாற்பது பேர் காத்திருக்க, ஒரு தறிக்காரிக்காக நிற்கிறார். இருளப்பசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா, தேவலையா?"

சண்முகத்தாய் எழுந்து உட்காரப் பார்த்தாள். பெரிய மனுஷர் நிற்கும்போது படுத்துக்கொண்டு பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. முடியவில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, ஐயா கேக்காகல்ல? சொல்லு" என்றான் இருளப்பசாமி.

"தேவலைங்கய்யா."

வேறு என்ன சொல்லுவாள்? ஐயா நேரில் நின்று போடச் சொன்ன ஊசிக்கு வலி கேட்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு நாக்கு எழும்புமா? சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம், சாப்பிட்டாயா என்றால் ஆச்சு, தேவலையா என்றால் தேவலை. மரியாதை தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். செல்லக்கனியின் அம்மா வெள்ளைத்தாயும் சாகிற அன்றுவரை கம்பவுண்டரிடம் தேவலை என்றுதான் சொன்னாள். செல்லக்கனிக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். அந்த அறையில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதை ஒரே ஒரு வரியில் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றாள்.

"தண்ணிக்கு அடங்குற வலி" என்று டாக்டர் மெதுவாகச் சிரித்தார். "கேஸ் ஷீட்டுல எழுது. இனிமே இவளுக்குப் பெத்தடின் கிடையாது." வலி அடங்கியது என்று செல்லக்கனி எழுதி, மணியும் போட்டாள்.

ஒன்றாம் நம்பர் ரூமில் ஒரு மில் முதலாளி, குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு, "யோவ் டாக்டர், உம்ம ஊசி மண்ணுக்கும் பிரயோசனமில்ல. நொப்பி தாங்கல, நொப்பி!" என்று வலிக்குத் தெலுங்கும் வசவுக்குத் தமிழுமாகக் கலந்து வைவார். டாக்டர் சிரித்துக்கொண்டே பேண்ட் பையிலிருந்து சாவியை எடுப்பார். முதலாளிக்கு எந்தப் பரீட்சையும் வைக்கவில்லை. இல்லை என்று சொல்லிப் பழகிய வாய் அது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் சண்முகத்தாயின் விரல்கள் கட்டுக்கு வெளியே வாழைப்பழம் மாதிரி வீங்கிவிட்டன. செல்லக்கனி ஒரு விரலை லேசாக நிமிர்த்தப் பார்த்தாள். சண்முகத்தாய் போட்ட கூப்பாட்டில் அடுத்த கட்டிலில் இருந்த பிள்ளை அழ ஆரம்பித்தது. கட்டுக்குள்ளே சதை வீங்குகிறது, வீங்க இடமில்லை, ரத்தம் ஓடவில்லை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"சார், ஆறாம் நம்பருக்குக் கட்டு கொஞ்சம் டைட்டா இருக்கோன்னு தோணுது. செத்த நேரம் பிரிச்சு விட்டா..."

"நீ எந்த காலேஜ்ல எம்.எஸ். பண்ணுன?" என்றார் டாக்டர், தலையைத் தூக்காமல். "காலையில பரீட்சை பண்ணியாச்சு. பொறவும் அவ வாயைப் பாத்துக்கிட்டு நிக்கே."

அதோடு சரி. இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். கத்தரிக்கோலை எடுத்து அவளே அந்தத் துணியை நறுக்கி விட்டிருக்கலாம், இரண்டு நிமிஷ வேலை. செய்யவில்லை.

புதன்கிழமை மத்தியானம் இன்னொன்று நடந்தது. முதலாளிக்குப் பாதி ஊசி போதும் என்று சொல்லிவிட்டு டாக்டர் சாப்பிடப் போனார். "மீதிய தொட்டியில கொட்டிரு" என்று மட்டும் சொன்னார். சிரிஞ்சில் ஒரு சி.சி. மிச்சம் இருந்தது. தண்ணீர் இல்லை, நிஜமான மருந்து. செல்லக்கனி அதைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். கைகழுவும் தொட்டி இந்தப் பக்கம், ஆறாம் நம்பர் கட்டில் அந்தப் பக்கம், இரண்டுக்கும் பத்து எட்டுகூட இல்லை. அவள் கால் கட்டில் பக்கம்தான் போனது. வாசல்வரைக்கும் போனாள். சண்முகத்தாய் துண்டை உருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் முழி வெளியே வந்துவிடும் போல இருந்தது. நர்ஸைக் கண்டதும் இருளப்பசாமி பதறி எழுந்தான்.

"சிஸ்டர், இவ கத்துதான்னு ஐயாட்ட சொல்லிராதீக. அவிய மனசு சங்கடப்படும். எம்புட்டோ பாத்துட்டாக எங்களுக்கு."

போன வருஷம் சாவித்ரி என்ற நர்ஸ், ஒரு ஆம்பூல் குறைந்ததற்காகப் போலீஸ் ஸ்டேஷன்வரை போய்விட்டு வந்தாள். செல்லக்கனிக்கு அவள் முகம் ஞாபகம் வந்தது. "சொல்லல, சொல்லல" என்று சொல்லித் திரும்பி வந்தாள். தொட்டியில் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். பாவி. அந்த ஒரு சி.சி. கையைக் காப்பாற்றியிருக்காது, உண்மைதான். அந்த மத்தியானத்தையாவது காப்பாற்றியிருக்கும்.

அன்று சாயங்காலம் வலி நின்றது. சண்முகத்தாய் சிரித்த முகமாக இரண்டு இட்லி சாப்பிட்டாள். "நின்னு போச்சு சிஸ்டர்! அம்புட்டு வலியும் எங்க போச்சுன்னே தெரியல. ஐயா கைராசி." டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார், செல்லக்கனியைப் பார்த்தார், நான் சொன்னேனா இல்லையா என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

செல்லக்கனி அவள் ஆள்காட்டி விரலைத் தொட்டாள். பானைத் தண்ணீரில் ஊறியது போலச் சில்லென்றிருந்தது. நகத்தை அழுத்தினாள். அழுத்திய வெள்ளை வெள்ளையாகவே நின்றது.

"நான் தொடுறது தெரியுதா?"

"எதத் தொடுதிய?" என்று கேட்டாள் சண்முகத்தாய்.

இந்தத் தடவை செல்லக்கனி ஓடினாள். டாக்டர் வந்தார். கத்தரிக்கோல் கேட்டார். துணியை நறுக்கி மாவுக்கட்டைப் பிளந்தபோது வந்த வாடையில் இருளப்பசாமி துண்டால் மூக்கைப் பொத்தினான், பிறகு ஐயா தப்பாக நினைப்பார் என்று எடுத்துவிட்டான். உள்ளே கை கருநீலமாகக் கிடந்தது. டாக்டர் கேஸ் ஷீட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். செல்லக்கனியின் குண்டு குண்டான கையெழுத்தில் விரலை வைத்தார்.

"வலி அடங்கிருச்சுன்னு நோயாளியே சொல்லிருக்கா. நீதான எழுதிருக்கே?"

"ஆமா சார்."

"அவ்வளவுதான்" என்றார். அவர் குரல் அதற்குள் தெளிந்துவிட்டது. இருளப்பசாமியின் தோளில் கையைப் போட்டு, "ரத்த ஓட்டம் சரியில்லாத உடம்புய்யா இது. இப்ப கையா உசுரான்னு பாக்கணும்" என்றார். அவன் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான். "உசுரக் குடுங்க சாமி."

வியாழக்கிழமை காலையில் முழங்கைக்கு மேலே கையை எடுத்தார்கள். எடுத்து இரண்டு நாள் கழித்து வலி திரும்பவும் வந்தது, அதுவும் விரலில். "நடுவிரல மடக்கிப் பிடிச்சு யாரோ திருகுதாக சிஸ்டர்" என்று, வெறும் கட்டிலைக் காட்டி அழுதாள். செல்லக்கனி பயந்து பயந்து டாக்டரிடம் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இல்லாத கைக்கு இல்லாத மருந்தே போதும். டி.டபிள்யூ. போடு." போட்டாள். தேவலையா என்று கேட்டாள். தேவலை என்று பதில் வந்தது. வீட்டுக்குப் போகும்வரை தினம் இரண்டு ஊசி, இரண்டு தேவலை.

ஒன்றரை மாசம் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். தறி வேலை போய், மடவார் வளாகத்தில் அம்மா வீட்டோடு இருக்கிறார்களாம். இருளப்பசாமி கையில் ஒரு மஞ்சள் பை, பை நிறைய சப்பட்டை மாம்பழம். டாக்டர் அறை வாசலில் சண்முகத்தாய் அதை அவனிடமிருந்து வாங்கினாள். "நான்தான் குடுக்கணும்" என்றாள். ரவிக்கையின் வலது கையை மடித்துப் பின்னூசி குத்தியிருந்தாள். பையை டாக்டருக்கு முன்னால் நீட்டியவள், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இடது கையால குடுக்கேன்னு தப்பா நினைக்காதீங்கய்யா."

"அதனால என்ன, அப்படி மேசையில வையி" என்றார் டாக்டர். அவர் கையை நீட்டவில்லை. "வலியெல்லாம் எப்படி இருக்கு?"

"தேவலைங்கய்யா. நீங்க குடுத்த உசுரு."

வெளியே வந்ததும் அவள் செல்லக்கனியை வராந்தா மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். முகம் சட்டென்று கோணியது. "சிஸ்டர், ஒங்களக் கையெடுத்து..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் நிறுத்தினாள். "அந்தக் காரமான ஊசி ஒண்ணே ஒண்ணு போடுங்க. ஐயாட்ட சொல்லாதீக, அவியளுக்கு எதுக்குச் சங்கடம். விரலத் திருகுதாக சிஸ்டர், பகலும் திருகுதாக. எங்க ஊருல எந்த ஊசியும் கேக்கல. அது ஒண்ணுக்குத்தான் கேட்டுச்சு."

அது தண்ணிம்மா. சொல்லிவிட வேண்டும் என்று செல்லக்கனி வாயைத் திறந்தாள். அது தண்ணி, உன் வலி நிசம், அன்னைக்கே எனக்குத் தெரியும். சண்முகத்தாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், இப்போது மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்.

"இருங்க, எடுத்துட்டு வாரேன்" என்றாள் செல்லக்கனி.

உள்ளே போய் ஆம்பூலை ஒடித்து, இரண்டு சி.சி. ஏற்றி, டிரேயில் வைத்து, மேலே துணியைப் போட்டு எடுத்து வந்தாள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை எடுத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், யோசிக்காமல் கேட்டுவிட்டது:

"எந்தக் கையில போடட்டும்?"

"வலிக்கிற கையிலயே போடுங்க சிஸ்டர்" என்றாள் சண்முகத்தாய். முகத்தில் அதற்குள் ஒரு தெளிச்சி வந்துவிட்டது. இடது கையால் பின்னூசியைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டாள். காலியாகத் தொங்கிய ரவிக்கைக் கை அவிழ்ந்து, உள்ளே மிச்சமிருந்த மொட்டைக் கை தூக்கிவிட, மெதுவாகச் செல்லக்கனியை நோக்கி உயர்ந்தது. ஊசி முனையில் நின்ற சொட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து, வெயிலில் காய்ந்தது.