வீட்டில் ராத்திரிச் சாப்பாடு

தையல்காரர் வீட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, மீனின் செதிலைச் சத்தம் வராமல் சுரண்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் வாளியில் விழும் ஓசை உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று குழாயின் வாயில் ஒரு துணியைக் கட்டியிருந்தார். உள்ளே அவர் மனைவி தூங்குகிறாள். ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிற வீட்டில் பகலில் நடக்கவேண்டிய விதம் அவருக்கு அத்துப்படி. பகலில் தையல் மிஷினைத் தொடமாட்டார். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது என்று கைவேலையாகவே பார்ப்பார். குக்கர் விசில் அடிக்குமென்று அதைப் பரணில் ஏற்றிப் பல வருஷம் ஆயிற்று.

மனைவிக்குக் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் வேலை. வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக ஓடிவரும் பாட்டில்களில் கீறல் விழுந்ததைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க வேண்டும். கண் ஒரு நொடி சொக்கினாலும் கீறல் பாட்டில் பெட்டிக்குள் போய்விடும். அதனால் அவள் சாப்பாட்டைத் தையல்காரர் துணி வெட்டுவதுபோல அளந்துதான் வைப்பார். கிளம்பும்போது அரை வயிறு. நடுராத்திரி டப்பாவில் ரொட்டி, அவித்த முட்டை, காய். சோறு மூச்! காலையில் வந்ததும் இளஞ்சூடாக ஏதாவது, வயிறு அடங்கித் தூக்கம் வருகிற அளவுக்கு மட்டும். மீன் அவளுக்கு உயிர். ஆனால் ஜன்னல் இல்லாத அந்த அறையில் மீன் டப்பாவைத் திறந்தால் பக்கத்து இருக்கைக்காரிகள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். விடுமுறை நாளிலும் அவள் வயிறு ஷிப்ட் கணக்கில்தான் பசிக்கும். ஊரே குறட்டை விடுகிற நேரத்தில் எழுந்து பாத்திரத்தை உருட்டுவாள்.

எத்தனையோ மனுப் போட்டு, கடைசியில் அவளுக்குப் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது. நாளை முதல் ஆரம்பம். காலையில் வந்தவள் தோள்பட்டையை நீவிக்கொண்டே சிரித்தாள்.

"இன்னைக்கு என்னை எழுப்பாதீங்க. நானா எந்திரிக்கிற வரைக்கும் கூரையே இடிஞ்சு விழுந்தாலும் எழுப்பக் கூடாது."

"கூரை விழுந்தா நானும்தான் அதுக்கடியில இருப்பேன். யாரு எழுப்பறது?"

"மீனு வாங்குங்க. எல்லாரையும் போல ராத்திரிச் சாப்பாட்டை ராத்திரியில உக்காந்து சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதிலிருந்து தையல்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாண வீட்டுச் சமையல்காரர்கூட இவ்வளவு அலட்டிக்கொள்ளமாட்டார். மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கடைக்காரனின் பொறுமையைச் சோதித்தார். மாடி வீட்டு அக்கா ரவிக்கை வாங்க ஜன்னலுக்கு வந்தபோது, வாயைத் திறக்காமலே இரண்டு கையாலும் மீனை நீந்தவிட்டுக் காட்டினார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், இவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் மகள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து சேர்ந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல நடந்து வந்தாள்.

"அம்மா எந்திரிச்சாச்சாப்பா?" என்றாள் ரகசியக் குரலில்.

"இன்னும் இல்ல. மெதுவாப் பேசு."

"டீ குடிக்கிற நேரம் தாண்டிடுச்சே. நான் போட்டு எடுத்துட்டுப் போகவா?"

"அந்தக் கதவைத் தொட்டே, இந்தக் கத்திக்கு வேலை வந்துரும். இன்னைக்கு ஷிப்ட்டா இருக்கு? தூங்கட்டும். எத்தனை வருஷத் தூக்கம் அது!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் அடுப்படியில் முட்டி மோதிக்கொண்டார்கள். சோறு எவ்வளவு வைப்பது என்று குசுகுசுவென்று ஒரு சண்டையே நடந்தது.

"இவ்வளவு அரிசியா? யாருப்பா சாப்பிடுவா?"

"உங்கம்மா சாப்பிடுவா. இத்தனை நாளும் தூக்கம் வரக் கூடாதுன்னு சமைச்சேன். இன்னைக்குத்தான்டி தூக்கம் வரட்டும்னு சமைக்கறேன். மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுட்டு, சாப்பிட்ட இடத்துலயே சாயணும் அவ."

"அப்புறம் அவங்களைத் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வைக்கறது நீங்கதான்."

"வைக்கறேன், எனக்கென்ன?"

சோறு வெந்தது. பருப்பு, உருளைக்கிழங்கு, எல்லாம் ஆயிற்று. மகள் பெட்டிக்குள் கிடந்த புதுத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துணி சுற்றி எடுத்துத் துடைத்து வைத்தாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. கடைசியாகத் தையல்காரர் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு எண்ணெயில் மீனைப் போட்டார். அது சடசடவென்று போட்ட சத்தத்தில் இருவருமே பயந்து போனார்கள்.

"இந்த வாசனைக்கும் எந்திரிக்கலேன்னா அவ என் பொண்டாட்டியே இல்ல. போ, இப்பப் போய் எழுப்பு. சூடா இருக்கறப்பவே வரச் சொல்லு" என்றார்.

மகள் கிட்டத்தட்ட ஓடினாள். தையல்காரர் முதல் துண்டைத் திருப்பினார். நல்ல நிறம். இரண்டாவதைத் திருப்பும்போது மகள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, அடுப்பை அணைங்க."

அவள் அதைச் சாதாரணக் குரலில், உரக்கச் சொன்னாள். அந்த வீட்டில் பகலில் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காலையில் படுத்த கொஞ்ச நேரத்திலேயே போயிருக்க வேண்டும் என்றார். மாரடைப்பாக இருக்கலாம்.

"நான் மீன் வாங்கப் போனப்பவே இல்லையா அவ?"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"ஒரு தடவை எழுப்பிப் பாத்திருக்கணும் நான்."

"எழுப்பியிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுங்க. தூக்கத்துலயே போயிருக்காங்க" என்று தோளைத் தொட்டார்.

தையல்காரருக்கு அழுகைக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. அவள் இல்லாத வீட்டில் நாள் முழுக்க அவ்வளவு சந்தோஷமாக இருந்துவிட்டாரே! இப்படியொரு பகலை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்பது வேறு நெஞ்சை அறுத்தது. மகள் ஒவ்வொரு சொந்தக்காரராகப் போனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் வெளியூர். வந்து சேரக் காலை ஆகிவிடும்.

இருட்டுகிற நேரத்தில் தொழிற்சாலை வேன் வாசலில் நின்றது. அவளோடு ராத்திரி ஷிப்டில் வேலை பார்த்தவர்கள் நான்கு பேர், சேதி கேட்டு, சாப்பாட்டுப் பையும் கையுமாக இறங்கி வந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தார்கள். சத்தம் போட்டு அழுதார்கள். அப்புறம் சுவரோரமாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இருக்கணும்னுதான் ஆசைண்ணே. ஆனா பாட்டில் ஓடற பெல்ட்டை நிறுத்த மாட்டாங்க. கொஞ்சம் லேட்டா வர்றோம்னு கேட்டிருக்கோம்" என்றாள், பக்கத்து இருக்கைக்காரி.

தையல்காரர் எழுந்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க."

மகள் அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, இப்ப எப்படிப்பா?"

"விடிய விடிய உக்காரணும்டி அவங்க."

யாரும் அசையவில்லை. பக்கத்து இருக்கைக்காரிதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மகள் தட்டு வைத்தாள். தையல்காரர் பாதியில் விட்ட மீனைப் பொரித்து எடுத்தார். சோறு போட்டார், பருப்பு ஊற்றினார், மீனை வைத்தார். யாரும் நிமிரவில்லை. ஒருத்தி முள்ளை எடுக்கிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார். அவர் ருசி பார்த்திருக்கவில்லை.

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் மறுபடி ஒரு கரண்டிச் சோற்றோடு பக்கத்து இருக்கைக்காரியிடம் வந்தார். அவள் தட்டுக்கு மேல் கையை விரித்து மறைத்தாள்.

"போதும்ணே. இதுக்கு மேல சாப்பிட்டா தூக்கம் வந்துரும்."

அவர் கரண்டியை விலக்கவில்லை. அப்படியே குனிந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை எடுத்தாள். அவர் சோற்றை வைத்தார். அவள் அதைப் பிசைந்து சாப்பிட்டாள்.