பிரேக்கை மிதிக்காதே

"மூணாவது சங்கிலி எதுக்கு மாப்ளே? எட்டு டன்னு! ஊரே கூடித் தள்ளினாலும் இது அசையாது."

காலையில் லாரியில் இரும்புத் தகட்டுச் சுருளை ஏற்றும்போது டிரைவர் இப்படிச் சொல்ல, கூட வந்த தங்கை புருஷன் சிரித்துக்கொண்டே சங்கிலியைச் சுருட்டி வைத்துவிட்டான்.

மலைச் சரிவில் பாதி இறங்கியிருப்பார்கள். பின்னால் 'டங்'கென்று ஒரு சத்தம். மாப்பிள்ளை முதுகுப்பக்கக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான்.

"மச்சான், இடப்பக்கச் சங்கிலி அறுந்துபோச்சு. சுருள் என் பக்கமா நகருது."

பிரேக்குக்குப் போன டிரைவரின் கால் மிதிக்காமல் நின்றது. அந்தச் சுருளும் லாரியோடு சேர்ந்து ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அல்லவா வந்துகொண்டிருக்கிறது! பிரேக் லாரியை நிறுத்தும். சுருளை எது நிறுத்தும்? சும்மா கிடந்தபோது தள்ள முடியாத கனம், ஓடி வரும்போது பிடிக்கவும் முடியாத கனம். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு இது இப்போதுதான் உறைத்தது.

"பிரேக்கை மிதிச்சிடாதீங்க. கியரைக் குறைச்சுக் குறைச்சு இறக்குங்க."

"எவ்வளவு இடம் இருக்கு?"

"ரெண்டு முழம்... மெதுவா... இப்ப ஒண்ணரை. பயப்படாதீங்க மச்சான். உங்க தங்கச்சி கோபத்தையே தாங்கறவன் நான், இதெல்லாம் தூசு."

"வாயை மூடிட்டு என் பக்கமா ஒட்டி உட்காருடா!"

"அப்புறம் யாரு பார்த்துச் சொல்றது?"

நாற்பது. முப்பத்தைந்து. கீழே சமதரை தெரிந்தது. அதுவரை போய்விட்டால் லாரி தானாகவே சோர்ந்து நின்றுவிடும்.

கிளைச் சாலையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. ஓட்டிய பெண்ணுக்கு முன்னால் ஒரு குழந்தை நின்றிருந்தது.

மிதிக்காதே என்றது மனசு. கால் கேட்கவில்லை.

ஸ்கூட்டருக்கு ஒரு கை தூரத்தில் லாரி நின்றது. சுருள் நிற்கவில்லை.

தூசி அடங்கியபோது கேபினின் இடப்பாதி முழுக்க இரும்பாக இருந்தது. ஹேண்ட் பிரேக்கும் அதற்கு அடியில். சாலை இன்னும் சரிவுதான். காலை எடுத்தால் லாரி உருளும். எதிரே அந்தப் பெண் குழந்தையை அணைத்தபடி மரமாய் நின்றிருந்தாள்.

"தள்ளிப் போம்மா!" என்று கத்தினார். அவள் காதில் விழவில்லை.

"மாப்ளே... ஏதாச்சும் பேசுடா."

பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாமல், இடப்பக்கம் திரும்பவும் துணியாமல், டிரைவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.