மஞ்சள் கோடு

மற்ற மைப் புட்டிகளெல்லாம் பாதிக்கு மேல் இருக்க, கோதண்டராமனின் மேஜையில் மஞ்சள் மை மட்டும் அன்று காலையிலேயே தீர்ந்துபோனது. புட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். ஒரு சொட்டு விழுந்தது. அதைத் தொட்டு, கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து திருவண்ணாமலைக்கு வரும் கோட்டை இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கினான்.

எண்பத்திரண்டாம் வருஷம். கோதண்டராமன் திருவண்ணாமலையில் ஒரு சர்க்கார் ஆபீஸில் படம் வரைகிறவன். தாலுகா விட்டுத் தாலுகா, மாவட்டம் விட்டு மாவட்டம் தினமும் போய்வருகிறவர்கள் எங்கிருந்து எங்கே, எதற்காகப் போகிறார்கள் என்று ஒரு வரைபடம் போட்டு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. இப்போதுபோலப் பொத்தானைத் தட்டினால் படம் வந்து நிற்கிற காலமா அது? சைக்கிளை மிதித்து ஊர் ஊராகப் போய், வீடு வீடாகக் கேட்டு, தாலுகா வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, ஊருக்கு ஊர் கோடு இழுக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிவப்பு, சந்தைக்குப் பச்சை, கோயிலுக்கு மஞ்சள். ஆட்கள் ஜாஸ்தியானால் கோடு தடிக்கும். சிவப்புக் கோடு எந்தச் சாலையில் தடித்திருக்கிறதோ, அந்தச் சாலையில் விடியற்காலையில் புதிதாக ஒரு பஸ் விடுவார்கள். 'நம் பேனா போகிற பக்கம் பஸ் போகும்' என்று கோதண்டராமனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அவனுடைய அதிகாரி சம்பந்தமூர்த்தி ஊருக்குப் புதியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைக் குனிந்து பார்த்தார். "உங்க பக்கத்து ஜனங்களுக்கு பக்தி ரொம்ப ஜாஸ்திப்பா. தினத்துக்கும் இத்தனை பேரா கோயிலுக்கு வராங்க?" என்று ஆச்சரியப்பட்டார். கோதண்டராமனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அந்த மஞ்சள் கோடு கிளம்புகிற ஊர், அவனுடைய அக்கா ரேணுகாம்பாளைக் கட்டிக்கொடுத்த ஊர். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, மாவட்ட எல்லைக்கு அந்தப்பக்கம், தென்னார்க்காட்டில் இருக்கிறது.

அந்த ஊரில் அவனே போய்த்தான் கேட்டான். மில்லுக்கோ கம்பெனிக்கோ யாராவது போகிறார்களா என்று கேட்டதும், ஆண்களில் ஒருவர் விடாமல் தலையை ஆட்டி மறுத்தார்கள். நிலம் நீச்சு வைத்திருக்கிற குடும்பங்கள், கூலிக்குப் போவார்களா என்ன! பெண்கள் கோயிலுக்குப் போய்வருவார்கள், அவ்வளவுதான் என்றார்கள். அக்கா புருஷன் சக்கரபாணி ஒருபடி மேலே போய், தன் சம்சாரம் வெள்ளி, திங்கள் என்றெல்லாம் பார்க்காமல் எல்லா நாளும் அண்ணாமலையாரைப் பார்க்கப் போகிறாள் என்று பெருமையடித்துக்கொண்டார். அக்கா வீட்டில் மோரைக் குடித்துவிட்டு, அத்தனை பெண்களையும் மஞ்சளில் சேர்த்துக்கொண்டு வந்தான் தம்பி. சாயங்கால பஸ்ஸில் நெற்றி நிறையத் திருநீறோடு அந்த ஊர்ப் பெண்கள் திரும்புவதை அவனே பார்த்திருக்கிறான். அப்புறம் என்ன சந்தேகம்?

அந்த வாரத்திலேயே ஒருநாள் அவன் மனைவி சந்திரகலா, மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கி வரச்சொன்னாள். ஊரின் விளிம்பில், செஞ்சி ரோட்டில் ஒரு மல்லாட்டை மில், நிலக்கடலையை உடைத்து எண்ணெய் ஆட்டுகிற இடம். புண்ணாக்கு கொடுக்கிற ஆள் உள்ளே போயிருக்க, கோதண்டராமன் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தான். உள்ளே ஒரே தூசி. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பருப்பில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூக்கையும் மூடிக்கொண்டு ஒருத்தி முறத்தைத் தட்டிப் புடைத்தாள். அந்தக் கை அசைவை எங்கே பார்த்தாலும் அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் அவனுக்குச் சோறு ஊட்டிய கை அது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நிமிஷம் அவனுக்கு அக்காவின் மேல் இரக்கம் வரவில்லை. ஆபீஸ்காரர்கள் யாராவது பார்த்துத் தொலைப்பார்களோ என்று திரும்பி வாசலைத்தான் பார்த்தான். சர்க்கார் உத்தியோகஸ்தன் அக்கா மல்லாட்டை மில்லில் கூலிக்காரி! அவமானம் பிடுங்கித் தின்றது.

ரேணுகாம்பாளும் அவனைப் பார்த்துவிட்டாள். முறத்தை வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓரமாக வந்தாள்.

"இன்னாக்கா இது? மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? விடியறதுக்கு முன்னால இருட்டோட இருட்டா லாரி வரைக்கும் கூட்டியாந்து ஏத்திவுட்டுட்டுப் போறதே அவருதான் தம்பி."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். கிணறு வற்றி இரண்டு வருஷம் ஆகிறது. நிலம் சும்மா கிடக்கிறது. அவள் ஒருத்தி மட்டுமில்லை, அந்த ஊரில் பாதி வீட்டுப் பெண்கள் அங்கேதான் இருந்தார்கள். காலையில் வருகிற முதல் பஸ்ஸில் ஏறினால் வந்து சேர்வதற்குள் மில் சங்கு ஊதிவிடும், சங்கு ஊதியபிறகு கேட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் மல்லாட்டை மூட்டை ஏற்றிவரும் லாரியில், மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வருகிறார்கள். சாயங்காலம் தூசியைக் கழுவிக்கொண்டு, பெரிய கோபுர வாசலில் திருநீறு வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். ஊரில் எல்லா வீட்டுக்கும் விஷயம் தெரியும். ஆனால் யாரும் யாரிடமும் சொல்லுவதில்லை.

போன வாரம் ஒருத்தி மூட்டை மேலிருந்து சரிந்து ரோட்டில் விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறாள். போலீஸ்காரர்கள் பயமுறுத்தியதில், அடுத்த மாசத்திலிருந்து ஆட்களை ஏற்றமாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டான். லாரி நின்றால் வேலையும் நின்றுவிடும்.

"பஸ்ஸுக்குப் படம் போடறது நீதானாமே? விடியக்காலையில எங்க ஊருக்கு ஒரு பஸ் வருமா தம்பி? அது வந்துச்சின்னா எங்க பொழப்பு தப்பிச்சிக்கும்" என்று அவள் கேட்டாள்.

கோதண்டராமன் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பினான். புண்ணாக்கு மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கட்டினான். அவன் படத்தில் அந்த ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவர் ஒருவருமில்லை. மஞ்சள் மையை ஊற்றி ஊற்றி அக்காவின் பிழைப்பை மூடியவன் அவனேதான். புருஷன்மார்கள் சொன்ன பொய்யை நிஜமாக்கிச் சர்க்கார் காகிதத்தில் ஏற்றியும் விட்டான். வீடு வரும்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தான்.

மறுநாள் சம்பந்தமூர்த்தியின் முன்னால் போய் நின்றான். படம் திங்கட்கிழமை வேலூர் மேலிடத்துக்குப் போகிறது. அதற்குள் அந்தக் கோட்டை மாற்ற வேண்டும் என்றான். அவர் ஏன் என்று கேட்டதற்கு, அவர்கள் கோயிலுக்கு வரவில்லை, மில்லுக்கு வருகிறார்கள் என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்றார் அவர்.

"அதுல எங்க அக்காவும் ஒருத்திங்க சார்."

சொன்னபிறகுதான் தெரிந்தது, அதைச் சொன்னதால் குடி ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. சம்பந்தமூர்த்தி சிரிக்கவுமில்லை, ஏளனமாகப் பார்க்கவுமில்லை. ஆனால் அவர் சட்டப்படி பேசுகிற மனுஷர். ஊர்க்காரர்கள் ஒன்று சொல்லியிருக்க, படம் போடுகிறவன் தானாகக் கலரை மாற்றினால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். வேண்டுமானால் மறுபடியும் ஊருக்குப் போய், அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுக்கொண்டு வரட்டும் என்றார்.

அன்று சாயங்காலமே கோதண்டராமன் கிளம்பினான். பால் ஊற்றுகிற நேரத்தில் ஊர் முழுக்க பால் சொசைட்டி முன்னால்தான் கூடும். அங்கே பால் அளக்கிற மேஜையின் ஓரத்தில் படத்தை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தான். சிவப்பு இருந்தால்தான் பஸ் வரும், மஞ்சளுக்கு வராது என்று விளக்கினான். யார் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறார்கள், இப்போதாவது சொல்லுங்கள் என்றான்.

சொசைட்டித் தலைவர் சின்னசாமியின் மருமகளும் மில் கொட்டகையில் இருந்தவள்தான். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்க வூட்டுப் பொம்பளைங்க கோயிலுக்குத்தான்பா போறாங்க. முன்னாடியே சொல்லிட்டோமே" என்றார். சக்கரபாணி மச்சானைத் தனியே இழுத்துப்போய்க் காதோரம் கடிந்துகொண்டார். நாலு பேர் எதிரில் மானத்தை வாங்குகிறாயா, உன் அக்கா பேரையே கெடுக்கிறாயா என்று பல்லைக் கடித்தார். கோதண்டராமன் மேஜைக்குத் திரும்பினான். படத்தைச் சுருட்ட வேண்டியதுதான் என்று ஒரு கல்லை எடுத்தான்.

அப்போதுதான் சாயங்கால பஸ் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். நெற்றியில் திருநீறு, தலைமுடியில் சரியாகக் கழுவாத மல்லாட்டைத் தூசி. விரித்திருந்த படத்தைப் பார்த்து ரேணுகாம்பாள் கிட்டே வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். "எது எங்க ஊரு?" என்று கேட்டாள். தம்பி விரலை வைத்துக் காட்டினான். மஞ்சளாயிருக்கிறதே, அது என்ன என்றாள். கோயிலுக்குப் போகிற கோடு என்றான். வேலைக்குப் போகிற கோடு எது என்று கேட்டதற்கு, உங்கள் ஊருக்கு அது இல்லை, அதனால் பஸ்ஸும் இல்லை என்றான்.

அவள் அந்த மஞ்சள் கோட்டின்மேல் கையை வைத்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு வருஷமா கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போறேன். ஒரு நாளாச்சும் உள்ள போயி சாமியப் பார்த்ததில்ல. வாசல்ல துண்ணூறு பூசிக்கினு ஓடியாந்துடறேன். சாமி பேரச் சொல்லி பொய் சொல்ல என்னால இனிமே முடியாது. தம்பி, நான் மல்லாட்டை மில்லுக்கு வேலைக்குப் போறேன். எழுதிக்க."

சக்கரபாணி தலையைக் குனிந்துகொண்டார். அவளுடைய கை அவர் கண்ணுக்கு நேராக மேஜைமேல் இருந்தது. நகமெல்லாம் உடைந்து, விரல் நுனி வெடித்துப்போன கை. அந்தக் கை விடிகாலை இருட்டில் தன் தோளைப் பிடித்து லாரியில் ஏறுவதும், நேற்றைக்கு முந்தின நாள் ஏறும்போது வழுக்கியதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எழுது மச்சான். என் பேரையும் சேர்த்து எழுது. எங்க வூட்டுக்காரி சம்பாரிச்சித்தான் நாங்க சாப்புடறோம்" என்றார்.

அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் பெண்கள் வந்து பேரைச் சொன்னார்கள். சின்னசாமி பால் அளக்கிற லிட்டரை மேஜைமேல் வைத்தார். கடைசியில் மருமகளைத் தானே கூப்பிட்டு, "நீயும் போயி சொல்லிட்டு வாம்மா" என்றார்.

மறுநாள் ஆபீஸில் கோதண்டராமன் பிளேடால் மஞ்சளைச் சுரண்டிவிட்டுச் சிவப்பு மையை எடுத்தான். சம்பந்தமூர்த்தி வந்து நின்று பார்த்தார். "என்னப்பா, ஒரே ராத்திரியில உங்க அக்கா ஊர்ல பக்தி இவ்ளோ குறைஞ்சிடுச்சி?" என்று தமாஷாகக் கேட்டார்.

"பக்தி அப்படியேதான் இருக்குதுங்க சார். பொய்தான் கம்மியாயிடுச்சி" என்றான் கோதண்டராமன்.

உத்தரவு உடனே வந்துவிடவில்லை. சர்க்கார் காரியம் என்றைக்கு உடனே நடந்திருக்கிறது? எல்லைக்கு அந்தப்பக்கத்து ஊர் என்று இரண்டு மாவட்டத்துக்கும் நடுவில் காகிதம் அலைந்தது. நடுவில் லாரியும் நின்று, ஒரு மாசம் பெண்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஆனாலும் மார்கழி பிறப்பதற்குள் பஸ் வந்தது.

முதல் நாள் விடியற்காலையில் ஊரே ரோட்டுக்கு வந்து நின்றது. கோதண்டராமனும் முந்தின நாளே வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தான். நெற்றியில் வெறும் குங்குமத்தோடு ரேணுகாம்பாள் பஸ் ஏறினாள். சாயங்கால பஸ்ஸில் அவர்களைத் திருநீறோடு பார்த்துப் பழகிய கண்டக்டர், "பெரிய கோபுரமாம்மா?" என்றான்.

"மல்லாட்டை மில்லு. வேலைக்குப் போறோம்" என்று அவள் சொன்னது வெளியே நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

சக்கரபாணி தூக்குவாளியை ஜன்னல் வழியாக நீட்டினார். அன்றைக்குச் சோறு வடித்துக் கட்டியதே அவர்தான். பஸ் கிளம்பிப் போனபிறகு, பக்கத்தில் நின்ற சின்னசாமி மெதுவாக, இனிமேல் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கண்டபடி பேசுவார்களே என்று இழுத்தார்.

"பேசட்டும். அவ உழைக்கிறதை ஊருக்கு மறைச்சேன், அவ போட்ட சோத்தை மட்டும் வெக்கமில்லாம சாப்புட்டேன். பொம்பளை வேலைக்குப் போறது அவமானம் இல்லண்ணா. அவ உழைப்புல சாப்புட்டுட்டு, அதை வெளிய சொல்லக் கூசறோம் பாருங்க, அதுதான் அவமானம்" என்றார் சக்கரபாணி.