பின்னட்டையில் ஒரு பூட்டு

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இவோன் ஹார்கிரீவ்ஸ், கிளெக்ஷா பந்துருட்டு மன்றத்தின் தலைவி ஆகப்போகிறாள். எதிர்த்து நிற்க ஆளில்லை. அவளை எதிர்க்கும் துணிச்சல் யாருக்கும் கிடையாது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். பந்து உருட்டி ஆடும் அந்த மன்றத்தின் புல்தரையை அவள் காப்பதைப் போல யாரும் பெற்ற பிள்ளையைக்கூடக் காத்ததில்லை. தட்டையான அடியுள்ள ஷூ இல்லாமல் ஒருவர் கால் வைத்தால் தீர்ந்தது. போன கோடையில் மேயரின் மனைவியையே குதிகால் செருப்போடு ஓரத்தில் நிறுத்திவைத்தாள்.

அன்று காலை, கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள நல்லதாக ஒரு மேல்சட்டை கிடைக்குமா என்று பழைய சாமான் விற்கும் தர்மக் கடைக்குள் நுழைந்தாள். சட்டை ஒன்றும் தேறவில்லை. போகிற போக்கில் இசைத்தட்டுப் பெட்டியைப் புரட்டினாள். நான்காவது உறையில் தன் முகத்தையே பார்த்தாள்.

பதினெட்டு வயது முகம். பச்சைச் சாயம் பூசிய முடி குத்திட்டு நிற்கிறது. வாய் அலறுகிறது. ராணுவ பூட்ஸ் மாட்டிய கால்கள் இரண்டும் அந்தரத்தில். பக்கத்தில் அதே அந்தரத்தில் மூன்று பையன்கள். கீழே இருப்பது மன்றத்தின் அதே புல்தரை. மேலே கிழித்து ஒட்டிய எழுத்துகளில் ‘ரஸ்டி ஸ்பிட்டூன்ஸ்’, அதாவது துருப்பிடித்த எச்சில் படிக்கங்கள். அந்தத் திவ்வியமான பேரை வைத்ததும் அவள்தான்.

1978-இல் கிதார் வாசிக்கத் தெரியாத எல்லோரும் பங்க் இசைக் குழு வைத்திருந்தார்கள். இவர்களும் வைத்தார்கள். இருந்த காசுக்கு முந்நூறு தட்டுதான் போட முடிந்தது. எல்லாம் மான்செஸ்டரிலேயே விற்றுப்போயின. ஊருக்குள் ஒன்றுகூட வரவில்லை என்று இத்தனை வருஷமாக அவள் நிம்மதியாக இருந்தாள்.

நிம்மதி என்று சொல்லக் கூடாது. அட்டைப் படத்துக்காக அன்று விடியற்காலையில் அவர்கள் குதித்த குதியில் புல்தரையில் இருநூறு குழிகள். இரண்டு வருஷம் ஆட்டமே நடக்கவில்லை. பழி விழுந்தது நெவில் ஷார்ராக் தலையில். புல்லைப் பராமரித்தவர் அவர், வாசல் சாவியும் அவர் பொறுப்பு. பூட்டினேன் என்று அடித்துச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அந்தப் பத்தடி வாசல் கதவை எவன் ஏறிக் குதிப்பான் என்றார்கள். வேலையும் போயிற்று, ஆயுள் முழுக்க மன்றத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்மானமும் போட்டார்கள். நாளாக ஆக நெவிலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து எதைப் பூட்டினாலும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், பாதி வழி போய்த் திரும்பி வந்தும் பார்ப்பார். ஊரில் அது பேச்சாகவே ஆகிவிட்டது. கதவைச் சாத்தினோமா என்று திரும்பிப் போகிறவர்கள், “ஒரு நெவில் போட்டுட்டு வந்துடறேன்” என்பார்கள். இவோனும் சொல்லியிருக்கிறாள். சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள்.

“அதப் போயி என்ன கண்ணு அப்படிப் பாக்கறே?” என்றாள் கடையில் உட்கார்ந்திருந்த ஷீலா. “அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு. பெத்தவ என்ன பாடு பட்டாளோ!”

“ரொம்பத்தான் பட்டா,” என்றாள் இவோன்.

வாங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கொளுத்திவிடுவதுதான் திட்டம். உறையைக் கையில் எடுத்துத் திருப்பினாள். பின்னட்டையில் இன்னொரு படம். அப்படி ஒன்று இருந்ததையே அவள் மறந்துபோயிருந்தாள். மன்றத்து வாசல் கதவின் உச்சியில் அவள் ஒரு காலை அந்தப் பக்கம் போட்டுக்கொண்டு நாக்கை நீட்டுகிறாள். அவளுக்குக் கீழே கம்பியைச் சுற்றி ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒரு பூட்டு. கேமராவின் வெளிச்சம் பட்டுப் பளபளவென்று இருந்தது. பூட்டியிருந்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மணிக் கூட்டமும் தலைவி நாற்காலியும் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. அந்த நாற்காலிமேல் அவளுக்கு ஆசை, பொய் சொல்வானேன். ஆனாலும் தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நெவில் வீட்டுக் கதவைத்தான் தட்டினாள்.

நெவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையை வாங்கினார். பச்சை முடியையோ பூட்ஸையோ அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. விரல் நேராகப் பூட்டின்மேல் போய் நின்றது.

“பூட்டியிருக்கு,” என்றார்.

“பூட்டித்தான் இருந்துச்சு நெவில். நாங்க ஏறிக் குதிச்சோம்.”

“நான் பூட்டினேன்.”

“பூட்டினீங்க.”

“நான் பூட்டினேன்,” என்று மறுபடியும் சொன்னார். பிறகு நிமிர்ந்தார். “இது உனக்கு இத்தன வருஷமாத் தெரியும்?”

“தெரியும்.”

“அப்புறம் போஸ்ட்மேன் வேலை பாத்தேனே, தெனமும் உன் வீட்டுக்குத் தபால் குடுத்தேனே இவோன். குட் மார்னிங்னு வேற சொல்லுவே.”

இரண்டு அறை கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. “மூணு மணிக்குக் கூட்டம். எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். நீங்களும் வரணும்,” என்றாள். அவர் கோட்டைத் தேடிப் போனார்.

மன்றத்தில் டீயும் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டமும் தயாராக இருந்தன. நெவில் உள்ளே வந்ததைப் பார்த்ததும் பாதிப் பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள். இவோன் எழுந்து நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தன் பேரையும் விலக்கிக்கொண்டாள். உறை மேஜை மேஜையாகப் போயிற்று. முதலில் முடியைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்துப் புல்லைப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றது. பூட்டைப் பார்த்தவர்கள் தலையைத் தூக்கவில்லை.

முதலில் சுதாரித்தவர் ஆர்னால்டு க்ராப்ட்ரீ. வயது எண்பத்திரண்டு. அன்றைய தீர்மானத்தைத் தன் கைப்பட எழுதிய செயலாளர் அவர்தான். “அப்ப நெவில் மேல இருக்கற தடையத் தூக்கி இவ மேல போடுவோம். ஆயுசுக்கும்!” என்றார்.

“தண்டனைய நான் சொல்லலாமா?” என்றார் நெவில்.

எல்லோரும் தலையாட்டினார்கள்.

“மொதல்ல அந்தத் தட்டப் போடுங்க. என் பொழப்பு எதுக்காகப் போச்சுன்னு கேக்கணும்.”

கிறிஸ்துமஸ் நடனத்துக்கென்று வைத்திருந்த பழைய பாட்டுப் பெட்டியில் போட்டார்கள். இரும்புக்கடையை மாடிப்படியில் உருட்டிவிட்டது போல ஒரு சத்தம், அதற்கு மேலே இவோனின் அலறல். டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் கெட்டிலை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். நெவில் மட்டும் தலையைச் சாய்த்து, ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார். ஊசி நின்றதும் இவோனைப் பார்த்தார்.

“இதுக்காகவா?”

“இதுக்காகத்தான்,” என்றாள் இவோன். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

“சகிக்கல.”

கூடம் இடிந்துவிழும்படி சிரித்தது. இவோனும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“நாளையிலேருந்து காலைல ஆறு மணிக்கு வந்து இவ புல்லுக்கு உருளை இழுக்கணும். ரெண்டு வருஷம். நான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பாப்பேன்,” என்றார் நெவில். “அந்தத் தட்டுக்கு மறுபக்கமும் இருக்கில்ல? திருப்புங்க.”

“ஐயோ, நெவில்!” ஆர்னால்டு அலறினார். “தண்டனை அவளுக்கா, எங்களுக்கா?”

“உங்களுக்கும்தான். பூட்டினேன் பூட்டினேன்னு நான் தொண்ட கிழியக் கத்தினப்ப, இந்தக் கூடத்துல ஒருத்தர்கூடக் காது குடுக்கலையே, ஆர்னால்டு.”

ஆர்னால்டு மெதுவாக எழுந்து போய், தானே தட்டைத் திருப்பிப் போட்டார்.