ஓட்டுநருடன் பேசாதீர்

"உஷ்" என்றார் அவர்.

படகை நிறுத்தி முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இது ஒன்பதாவது உஷ். தையல்காரி எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி வைத்துச் சாயங்காலம் மகளிடம் போனில் ஒப்பிப்பதாக ஏற்பாடு. முதல் உஷ் படகை நிறுத்தும்போதே வந்துவிட்டது. முன்பக்கத்தில் ஏதோ தண்ணீரில் தொபுக்கென்று விழ, "என்ன விழுந்துச்சு?" என்று கேட்டாள். அதற்கு.

"மீனுக்குக் காது இருக்கா என்ன?" என்றாள் இப்போது, ஊசியில் நூலைக் கோத்தபடி.

"எனக்கு இருக்கே."

முப்பத்திநாலு வருஷத்தில் அவர் இவ்வளவு நன்றாக ஒரு பதில் சொல்லி அவள் கேட்டதில்லை. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் தோற்ற மாதிரி ஆகிவிடுமே என்று மடியிலிருந்த கோட்டில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மீன் பிடிக்க வந்த இடத்தில் கோட்டு எதற்கு என்று கேட்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான குளிர்காலக் கோட்டுகள், பன்னிரண்டு உருப்படி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பட்டன், திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். அவளா சும்மா உட்காருவாள்? சும்மா உட்காரத் தெரிந்தது அவருக்கு மட்டும்தான்.

அவள் ஆசைப்பட்டு வந்தவளும் இல்லை. கோடையில் ஒருநாள் மாடிப்படியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்து, வேறு ஊரில் நர்ஸாக இருக்கும் மகள் போனிலேயே ஆட்சி நடத்தத் தொடங்கியிருந்தாள். "அப்பாவத் தனியா விடாதம்மா. தூண்டிலத் தூக்கினா நீயும் கூடவே கிளம்பு. மாத்திரை உன் கையில இருக்கட்டும்." அப்படியாகத்தான் இன்று விடிந்ததும் விடியாததுமாக இருவரும் தூண்டிலும் கூடையும் துணிமூட்டையுமாகத் தெருவில் இறங்கினார்கள். எத்தனை ஜன்னல்கள் திறந்தன என்கிறீர்கள்! மளிகைக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையிலேயே நின்று, "ரெண்டு பேர் போறாங்க, ஒருத்தர்தான் திரும்பி வருவாங்க, பாருங்க" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொன்னதுதான். அந்த வாய்க்காகக் கடைக்காரர் இன்றுவரை தன்னையே நொந்துகொண்டிருக்கிறார் என்று கேள்வி.

அவளுக்குத் தெரு வைத்திருந்த பெயர் மைக்செட். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆறு தையல் மெஷின் ஒரே நேரத்தில் ஓடும் கடையில் இருபது வருஷம் நின்று அளவு சொன்னால் யாருக்கும் அப்படித்தான் தொண்டை ஆகும். அவர் நேர்மாறு. இந்த மலைப்பாதையில் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற அன்று பணிமனைக்காரர்கள் ஒரு பழைய பஸ்ஸிலிருந்து 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்ற தகரப் பலகையைக் கழற்றிப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதைச் சமையலறையில், தான் சாப்பிட உட்காரும் நாற்காலிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். அவள் அதன் கீழே நின்றுதான் தினமும் பேசினாள்.

தண்ணீர் அசையவே இல்லை. மூன்று பக்கமும் மலை, ஒரு பக்கம் அணையின் சுவர். பனி பாதி விலகியும் பாதி விலகாமலும் இருந்தது. கரையோர மரங்கள் உதிர்த்த மஞ்சள் இலைகள் நீரில் அப்படி அப்படியே நின்றன. குடிநீர்த் தேக்கம் என்பதால் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை, துடுப்புதான். கரையில் ஆட்கள் என்று பார்த்தால் இரண்டே பேர்: பல் டாக்டர், மடக்கு நாற்காலியில், பட்டறைக்காரன், கவிழ்த்த வாளியின் மேல். அவர்கள் முகம் தெரியும் தூரம், பேச்சு புரியாத தூரம்.

தூண்டில் முனையில் ஒரு சின்னப் பித்தளை மணியை அவர் மாட்டியிருந்தார். மீன் இழுத்தால் அடிக்கும். அது அடித்தது.

"ஏங்க, மணி அடிக்குது."

மணி மறுபடியும் அடித்தது. தூண்டில் வளைந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நடுப்பலகையில் குனிந்து, ஏதோ கீழே தேடுபவர்போல இருந்தார்.

"மணி அடிக்குதுங்க. இவ்வளவு நேரம் என்னை வாயை மூட வெச்சிட்டு…"

அவர் நிமிர்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. இந்தக் குளிரில்.

மகள் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாள். சட்டைக் காலரைத் தளர்த்தினாள். படகு ஆட ஆட அவரைக் கீழே இறக்கி, கோட்டுகளை மடித்துத் தலைக்கு வைத்தாள். கைப்பேசியை எடுத்தாள். மலைக்குழிக்குள் சிக்னல் எங்கே கிடைக்கும்? அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், எங்கள் எல்லோரையும்போல.

"ஒண்ணும் ஆகாது. கரைக்குப் போயிடலாம். இதோ போயிடலாம்."

நடுப்பலகையில், அவர் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்து துடுப்புகளைப் பிடித்தாள். இப்போது இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி இருந்தார்கள். இழுத்தாள். படகு நகர்ந்தது. நகர்ந்த படகு நாலு இழுப்பில் யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்த மாதிரி நின்று, மெல்லத் திரும்பியது. மறுபடி இழுத்தாள். மறுபடி நின்றது, திரும்பியது. அணைச்சுவர் வந்தது, மரங்கள் வந்தன, டாக்டரும் பட்டறைக்காரனும் வந்தார்கள், போனார்கள். மறுபடி அணைச்சுவர்.

அவர் வலது கையைத் தூக்கி அவள் தோளுக்குப் பின்னால் எதையோ காட்டினார்.

திரும்பிப் பார்த்தாள். படகின் முனையில் அவள் வைத்த கூடை. அதில் ரொட்டி, அவித்த முட்டை, தேநீர் பிளாஸ்க்.

"டீயா? வேணுமா?"

தலையசைத்தார், இல்லை என்று. விரல் அங்கேயே நின்றது. உதடு அசைந்தது.

"தண்ணியா? தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. மல்லாந்து படுத்திருக்கறப்ப குடிச்சா புரை ஏறிடும். நீங்க கையக் கீழ போடுங்க. பேசாதீங்க. நான்தான் இழுக்கறேன்ல? என்ன எழவு படகு இது, ஓட்டைப் படகாப் பார்த்து உங்க தலையில கட்டியிருக்கான் அந்தப் படகுத்துறைக்காரன். வருஷக்கணக்கா வர்றீங்களே, நல்ல படகா ஒண்ணு குடுன்னு வாயத் திறந்து கேட்டிருப்பீங்களா? கேக்க மாட்டீங்க…"

"உஷ்" என்றார் அவர். காற்றுதான் வந்தது. பத்து, என்று அவளுக்குள் ஏதோ பழக்கத்தில் எண்ணியது.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. வாயை நிறுத்தாமலே கரைப்பக்கம் திரும்பிக் கத்தத் தொடங்கினாள்.

"டாக்டரே! டாக்டரே! இங்க வாங்க! இவரைப் பாருங்க! ஐயோ, சீக்கிரம் வாங்களேன்!"

தண்ணீரின் மேல் குரல் நன்றாகவே போகும். சொல்தான் போகாது. மலைகள் மூன்றும் அவள் கத்தலை ஆளுக்கொரு முறை திருப்பிக் கத்தி, எல்லாவற்றையும் ஒரே கூச்சலாக்கிக் கரைக்கு அனுப்பின. கரைக்கு அந்தக் கூச்சல் புதிதல்ல. விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதுதான், ஊரே ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

"இன்னைக்கு என்ன செஞ்சாராம்?" என்றாராம் டாக்டர்.

"துடுப்பு அவங்க கையில இருக்கு பாருங்க. ஓட்டுநருக்கு லைசென்ஸ் போச்சு" என்றானாம் பட்டறைக்காரன். படகு சுற்றுவதைப் பார்த்து இருவருக்கும் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. இதையெல்லாம் பின்னால் அவர்களே, கேட்காதவர்களிடமும், சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

அவள் பார்த்தது இவ்வளவுதான். எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். டாக்டர் நாற்காலியில் இருந்தபடியே விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். பட்டறைக்காரன் தலைக்கு மேல் கைகூப்பினான், தாயே போதும் என்கிற மாதிரி.

"சிரிக்கறாங்களே" என்றாள் அவரிடம். "ஏங்க, சிரிக்கறாங்க."

அவர் கை இன்னும் அந்தப் பக்கமே நீண்டிருந்தது. அவள் உட்கார்ந்தாள், இழுத்தாள், சுற்றினாள். கத்தினாள். உள்ளங்கையில் தோல் உரிந்தது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கால் மணி என்கிறான் பட்டறைக்காரன், அரை மணி இருக்கும் என்கிறார் டாக்டர். ஆளாளுக்கு ஒரு கடிகாரம். ஒரு சமயம் பார்த்தபோது அந்தக் கை கோட்டின் மேல் கிடந்தது. விரல் மட்டும் நீட்டியபடி.

"அந்தக் கூடையில என்னதான் இருக்கு?" என்று அவள் ஆத்திரமாகத் திரும்பி, கூடையைக் காலால் தள்ளினாள்.

கீழே ஒரு வளையம். வளையத்தில் முடிச்சு. முடிச்சிலிருந்து நீல நைலான் கயிறு படகின் விளிம்பைத் தாண்டி நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. கனமான எதிலோ கட்டிய கயிறு. என்ன விழுந்துச்சு என்று காலையில் அவள் கேட்டதற்குப் பதில் இதோ இருந்தது.

துணிமூட்டையில் பெரிய கத்தரிக்கோல் இருந்தது, எப்போதும் இருப்பதுதான். எட்டு மடிப்புக் கம்பளித் துணியை வெட்டுவது. கயிற்றை ஒரே கடியில் துண்டித்தது. படகு லேசாக முன்னால் நழுவியது. இப்போது எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

"அறுத்துட்டேங்க" என்று திரும்பினாள்.

அவர் கண் திறந்திருந்தது. அவள் இருந்த பக்கம்தான் திரும்பியிருந்தது.

அவள் துடுப்பைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நீட்டிய விரலைப் பிடித்து மற்ற விரல்களோடு மடக்கி வைத்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது.

கரையில் டாக்டர் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார். மூடி கையிலேயே நின்றது.

"என்ன?" என்றான் பட்டறைக்காரன்.

"கேளு."

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான்."

இருவரும் எழுந்து படகைப் பார்த்தார்கள். அது குறுக்குவாட்டில், யாரும் ஓட்டாமல் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு தலைதான் தெரிந்தது. பட்டறைக்காரன் கரைப்படகை நோக்கி ஓடியபோது வாளி உருண்டு தண்ணீரில் விழுந்தது. அதை இதுவரை யாரும் எடுக்கவில்லை.

"அக்கா! என்னாச்சுக்கா?" படகு படகோடு உரசியதும் கேட்டான். "அக்கா, ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

டாக்டர் தாவி ஏறி மண்டியிட்டார். கழுத்தில் விரல் வைத்தார், மணிக்கட்டில் வைத்தார், மறுபடி கழுத்துக்கு வந்தார். நெஞ்சில் கை வைத்து அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார், படகு கரையில் முட்டிய பிறகும். பிறகு நிறுத்தி, இரண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாதவராகத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

"நாங்க என்ன நெனச்சோம்னா…" என்று தொடங்கினான் பட்டறைக்காரன். முடிக்கவில்லை. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். திட்டிவிடுவாள் என்று அவன் காத்திருந்தான். திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவனுடைய வேனின் பின்பகுதியில் அவரைக் கிடத்தினார்கள். கோட்டுகள் தலைக்கடியில் அப்படியே இருந்தன, பட்டன் வைத்தவை ஏழு, வைக்காதவை ஐந்து. கூடை வந்தது, துணிமூட்டை வந்தது, தூண்டிலையும் யாரோ ஒழுங்காக எடுத்துவந்து பக்கவாட்டில் சாய்த்து வைத்தார்கள். தூண்டில் நரம்பு எப்போதோ அறுந்திருந்தது. மணி மட்டும் முனையில் இருந்தது. அவள் பின்னால்தான் உட்காருவேன் என்று கையாலேயே காட்டினாள்.

பட்டறைக்காரன் ஓட்டினான். நடை வேகம். முப்பத்தோரு வருஷம் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய பாதை, ஒவ்வொரு வளைவிலும் மணி சின்னதாக அடித்தது. டாக்டர் எதிரே உட்கார்ந்து தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஐந்தாவது வளைவைத் தாண்டியதும் அவள் மடியில் கைப்பேசி ஒலித்தது. சிக்னல் வந்துவிட்டது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா, இப்பதான் டூட்டி முடிஞ்சுது" என்றாள் மகள். களைப்பிலும் சிரிப்பு இருந்தது. "சாயங்காலம் வரைக்கும் என்னால பொறுக்க முடியல. சொல்லு. எத்தனை உஷ்?"

தையல்காரி வாயைத் திறந்தாள்.

"அம்மா? கேக்குதா?"

வெளியே மஞ்சள் மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"அம்மா, நீ லைன்லதான இருக்கே? மூச்சு கேக்குதே. ஏன் பேசாம இருக்கே?" சிரிப்பு எங்கோ வழியில் நின்றுவிட்டது. "அம்மா, அப்பாகிட்ட குடு."

வேன் அடுத்த வளைவில் திரும்பியது. மணி அடித்தது.

"அது என்ன சத்தம்?"

தையல்காரி கை நீட்டி, அந்த மணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, உருண்டு போகப் பார்க்கும் பட்டனைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள். அதற்கடுத்த வளைவிலும் விடவில்லை.