ஒன்பதிலிருந்து நாற்பத்தொன்று

அக்கா கத்தரிக்கோலை எடுத்தால் துணி தானாக வழிவிடும் என்று தையல் கூடத்தில் சொல்வார்கள். சீருடைச் சட்டைகளுக்குக் காலர் வெட்டுவது அவள் வேலை. எட்டு அடுக்குத் துணியை விரித்து, கோடு போட்டு, ஒரு நூல் பிசகாமல் வெட்டி எடுப்பாள். மாஸ்டர் யாரையும் வாய் திறந்து பாராட்டுகிறவர் இல்லை. அவள் வெட்டியதை மட்டும் அளந்து பார்க்க மாட்டார். அதற்கு மேல் அங்கே பாராட்டு கிடையாது.

அந்தக் கையில்தான் முடக்குவாதம் வந்து உட்கார்ந்தது. மூட்டு டாக்டர், வாரத்துக்கு ஒன்று என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை, திங்கட்கிழமை குமட்டல், மற்ற நாள்களில் சீப்பு நிறைய முடி. ஆனாலும் விரல் மடங்கியது, வேலை நடந்தது.

தம்பிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வைட்டமின்களை அளக்கிற மெஷின் அவன் பொறுப்பு. வீட்டில் அவனுக்குப் பாதி டாக்டர் என்று பட்டம். ஒருநாள் அக்காவின் ரத்தத்தை அவனே எடுத்துப் போய், அன்று மாலையே சீட்டோடு வந்தான்.

"அக்கா, வைட்டமின் டி உனக்கு ஒன்பதுதான் இருக்கு. கொறஞ்சது முப்பது இருக்கணும்."

"ஃபெயிலா?"

"ஃபெயிலா? நீ பரீட்சை ஹாலுக்கே போகல."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"உடம்புல காவலுக்கு இருக்கற செல்லுங்க, கிருமின்னு நெனச்சு உன் மூட்டையே போட்டு அடிக்குது. வேலியே பயிர மேயற கதை. அதுங்கள அடக்கி வைக்கறதுல இந்த வைட்டமினுக்குப் பங்கு இருக்கு. நீயோ வெயில கண்ணாலயும் பாக்கறதில்ல. பகல் பூரா ட்யூப்லைட்டு."

"அப்போ இந்த ஞாயித்துக்கிழம விஷம் எதுக்குடா?"

"அதத்தான் நானும் கேக்கறேன். காவல்காரனுக்குப் புத்தி சொன்னாப் போதும். அவன எதுக்குச் சாகடிக்கணும்?"

அவன் படித்ததில் பொய் இல்லை. இந்த நோய் உள்ள பலருக்கு அந்த வைட்டமின் குறைவாக இருக்கிறது என்பது வரை படித்திருந்தான். அதை ஏற்றிவிட்டால் மட்டும் நோய் நின்றுவிடுமா என்கிற பக்கத்துக்கு அவன் போகவில்லை. அக்காவும் போகச் சொல்லவில்லை. முடி கொட்டாத மருந்து என்றதுமே அவள் மனம் சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை அட்டை அலமாரிக்குள் போனது; தம்பி வாங்கி வந்த வைட்டமின் டி அதன் இடத்துக்கு வந்தது.

மூன்றாம் மாதம் இருபத்திரண்டு. ஏழாம் மாதம் நாற்பத்தொன்று. ஒவ்வொரு சீட்டையும் தம்பி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான். "பாதி டாக்டர் இனிமே முக்கால் டாக்டர்" என்றாள் அம்மா. முடியும் வளர்ந்தது.

விரல்கள்தான் ஒத்துழைக்கவில்லை. காலையில் குழாயைத் திருக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. "எப்படிக்கா இருக்கு?" என்று அவன் கேட்டபோதெல்லாம் "பரவால்லடா" என்றாள். நாற்பத்தொன்று என்று கதவில் எழுதியிருக்கும்போது வலிக்கிறது என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நாம்தான் சோம்பேறியாகிவிட்டோமோ என்றுகூட நினைத்தாள்.

பத்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கத்தரிக்கோல் கைக்குள்ளேயே புரண்டது. எட்டுக் காலரும் ஒரு விரற்கடை கோணல். மாஸ்டர் முதன்முறையாக அவள் மேஜைக்கு அளவு நாடாவோடு வந்தார்.

"கையக் காட்டு."

காட்டினாள். அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"டாக்டரப் பாரும்மா. சரியாயிடும்னு அவர் சொன்னா இந்த மேஜை உனக்குத்தான். இல்லேன்னா, நூல் பிசிறு எடுக்கற பக்கம் மாத்தச் சொல்லி ஒரு லெட்டர் எழுதிக் குடு."

டாக்டரிடம் தம்பியும் வந்தான். மூன்று சீட்டுகளையும் வரிசையாக மேஜையில் வைத்தான். டாக்டர் அவற்றைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். விரல் எலும்புகளின் முனைகள் எலி கடித்த பென்சில் போலிருந்தன.

"நல்ல நம்பர்தான். எலும்புக்கு நல்லது. நானே மாத்திரையோட சேத்து எழுதிக் குடுக்கறது உண்டு. சேத்து. பதிலா இல்ல." சீட்டுகளை நகர்த்தினார். "வீக்கம் எவ்வளவு இருக்குன்னு பாக்கற டெஸ்ட் எங்க?"

"அது என் மெஷின்ல வராது சார்."

"யார் மெஷின்ல வரும்?"

தம்பி தரையைப் பார்த்தான். "பக்கத்து ரூம்ல."

அக்காதான் கேட்டாள்.

"மறுபடி மாத்திரை போட்டா கத்தரிக்கோல் பிடிக்கலாமா டாக்டர்?"

"இனிமே எலும்ப அரிக்காமப் பாத்துக்கலாம்மா. அரிச்சது அரிச்சதுதான்."

வெளியே, மருந்து வாங்கும் வரிசைக்கு எதிரே ஒரு பெஞ்சு. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நாலு வார்த்த திட்டிடுக்கா."

"திட்டிட்டா உனக்கு லேசாயிடும். அந்தப் பாரத்த நீயே தூக்கு."

"நீயும் பரவால்லன்னுதானே சொன்ன?"

"சொன்னேன். அத நான் தூக்கறேன்." பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "மாஸ்டருக்கு லெட்டர் எழுது. பிசிறு எடுக்கற பக்கம் மாத்தச் சொல்லி."

எழுதினான். எழுதி முடித்ததை வாங்கிப் படித்தாள். 'உடல்நிலை காரணமாக' என்று இருந்தது.

"காரணம் இதுதானா?"

"எல்லாரும் அப்படித்தான்கா எழுதுவாங்க."

அவள் திருத்தச் சொல்லவில்லை. பேனா விரல்களுக்கு நடுவே நிற்கவில்லை. முழுக்கையாலும் அதைப் பற்றிக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள்.