தாத்தா போயிட்டா

முந்தல் சந்தியில், புத்தளம் வீதியின் ஓரமாக, முச்சக்கர வண்டிகள் வரிசையாக நிற்கும் தரிப்பிடம் ஒன்று உண்டு. அங்கே ஹயர், அதாவது சவாரி, இல்லாத வேளை உண்டு. வழக்கு இல்லாத வேளை கிடையாது. தேங்காயின் விலை தொடக்கம் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி வரையில், நியாயம் விசாரிக்கப்படாத பொருள் எதுவும் அத்தரிப்பிடத்தில் இல்லை எனலாம்.

"நல்லாப் பாடுறவன் வெல்லுறதில்ல. சொந்தக்காரன் போனுக்குக் கனக்க ரீலோட் போட்டு எஸ்எம்எஸ் வோட் அனுப்பினா அவன் வெல்லுறான். இது என்ன போட்டி?" என்பான் சிங்களச் சாரதி லக்சிறி.

"எலெக்சன் மட்டும் வேற மாதிரியோ?" என்று பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து அனஸ்தாசியா கேட்பாள்.

இத்தகைய வழக்குகள் யாவும் தேநீரோடு தொடங்கித் தேநீரோடு முடிவன. ஆனால் அண்மையில் எழுந்த வழக்கொன்று அவ்வாறு முடியவில்லை. அவ்வழக்கின் பிரதிவாதி ஸலாஹுதீன்.

புத்தளம் பக்கத்துக் கரைத்தீவிலிருந்து நாள்தோறும் முந்தலுக்கு வந்து வண்டி ஓட்டிய ஸலாஹுதீன், அத்தரிப்பிடத்தின் ஒரே முஸ்லிம் ஆவான். கைத்தொலைபேசியில் பயணிகளை அழைத்துத் தரும் செயலி ஒன்றை அவன் முதன்முதலாகப் போட்டுக்கொண்டான். வரிசையில் கடைசியாக நின்றுகொண்டிருப்பான். பையில் இருந்த போன் கிணுகிணுக்கும். அடுத்த கணமே முன்னால் நிற்பவர்களைக் கடந்து வண்டி பறந்துவிடும். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த லக்சிறிக்கு அது பொறுக்குமா?

"நிழல் எங்கட, இடம் எங்கட, ஹயர் மட்டும் உன்ட போனுக்கா? இது ஹரி இல்ல மல்லி, சரியே இல்ல தம்பி!"

"போன்ல வாற ஆள் இந்த ஸ்டாண்டுக்கு வாற ஆளா அண்ணே? அவர் வீட்டுல இருந்து என்னைக் கூப்பிடுறார். உங்கட வாயில இருந்து நான் எதைப் பறிச்சேன்?"

"அப்ப வீட்டுல இருந்தே ஓடு! இங்க வந்து ஏன் நிக்கிறாய்?"

இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆகவேதான் வழக்கு முடியவில்லை. தரிப்பிடத்தின் தலைவர் சவிரிமுத்து, வயதில் மூத்தவர். தமிழையும் சிங்களத்தையும் ஒரே மூச்சில் கலந்து பேசும் முந்தல் கத்தோலிக்கர். அவர் இறுதியாக ஒரு முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் கூட்டம். ஸலாஹுதீனுக்கு வரிசையில் இடம் உண்டா, இல்லையா என்பதை அன்று கைதூக்கித் தீர்மானிப்பது.

கொழும்பு நகரமாயின் செயலியை மட்டும் நம்பிப் பிழைக்கலாம். முந்தலிலோ அது நாளொன்றுக்கு ஓரிரு முறை கிணுகிணுத்தால் பெரிது. வரிசையில் இடம் பறிபோனால் தன் அடுப்பும் அணையும் என்பதை ஸலாஹுதீன் நன்கு அறிந்திருந்தான். வாதத்தில் விட்டுக்கொடுக்க மனமில்லை. இடத்தை இழக்கவும் வழியில்லை.

அந்த வாரத்திலேயே அவனுடைய தாத்தா கமறியா ஊர் விட்டுப் புறப்பட்டாள்.

புத்தளத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்று அழைப்பர். தொண்ணூறாம் ஆண்டில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தபோது ஸலாஹுதீன் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருக்கவில்லை. வந்த முதல் மாரியிலேயே, ஓலைக் கொட்டிலில், காய்ச்சலால் வாப்பா மௌத்தானார். பிறகு உம்மாவும் படுக்கையில் விழ, சிறுமியாயிருந்த கமறியா தாத்தாவே பாடசாலைச் சீருடைகள் தைத்து அவனை வளர்த்து ஆளாக்கினாள். போர் முடிந்து, அவளுடைய கணவரின் காணியில் வீடொன்று எழும்பியபோது, மன்னாரின் முசலிப் பக்கம் மீளக் குடியேறுவதென்று அவர்கள் தீர்மானித்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் லொறி வந்தது. அலுமாரியும் தையல் இயந்திரமும் கதிரைகளும் ஏறின. கடைசியாகத் தாத்தாவும் ஏறினாள்.

லொறி வளைவில் மறைந்தது. ஸலாஹுதீன் வேலிக் கதியாலைப் பிடித்தவாறு சற்று நேரம் நின்றான். வேலைக்குப் போக மனம் வரவில்லை. வராததைச் சொல்லாமல் இருப்பதும் மரியாதையன்று. அதிலும் கூட்டம் நெருங்கும் வேளை. ஆகையால் தரிப்பிடத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் செய்தி ஒன்றை அனுப்பினான். பேசத் தொடங்கியதும் அவனை மீறிக் குரல் விம்மியது.

"சவிரி அண்ணே… தாத்தா போயிட்டா. இண்டைக்கு நான் வரல்ல. மனசு சரியில்ல. ஞாயித்துக்கிழமை என்ன முடிவெடுத்தாலும் எடுங்க… நான் ஒண்டும் சொல்லமாட்டேன்."

அனுப்பிய சிறிது நேரத்திலேயே போனின் உயிர் போய்விட்டது. சார்ஜரைத் தேடியபோதுதான், அது தாத்தாவின் சாமான்களோடு சாமானாக மன்னார் வீதியில் போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரிந்தது. வெறுமையான அவளது வீட்டைக் கூட்டி, யன்னல்களைச் சாத்தி, அவன் அன்றைய பொழுதைக் கழித்தான்.

மறுநாட் காலையில் முந்தலை நெருங்கும்போதே, சாவு விழுந்தால் கட்டும் வெள்ளைக் கொடிகள் அவன் கண்ணிற் பட்டன. சந்தியிலிருந்து தரிப்பிடம் வரையில், வீதியின் இரு மருங்கிலும், கயிற்றில் கோத்த கொடிகள் காற்றில் படபடத்தன.

'இன்னாலில்லாஹி… யாரோ போய்விட்டார்களே!' என்று அவன் மனம் துணுக்குற்றது. சவிரிமுத்து அண்ணனுக்கு நெஞ்சு வருத்தம் இருப்பது நினைவுக்கு வந்தது. வண்டியை மெதுவாக்கினான். அதோ, சவிரிமுத்து அண்ணன் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார். லக்சிறி நிற்கிறான். அனஸ்தாசியாவும் கடை வாசலில் நிற்கிறாள். அப்படியாயின் போனது யார்?

அப்போதுதான் பதாகையை வாசித்தான். படம் எதுவும் இல்லாத வெண்பதாகை. 'எமது சகோதரன் ஸலாஹுதீனின் ஆறாத் துயரில் நாமும் பங்கு கொள்கின்றோம். முந்தல் முச்சக்கர வண்டிச் சாரதிகள்.'

தன் பெயரைத் துக்கப் பதாகையிற் கண்டவன் அதை மீண்டும் வாசித்தான். தன்னுடைய துயரா? தனக்கே தெரியாமல் தன்னைச் சேர்ந்தவர் யார் இறந்தார்? லொறி… தாத்தா ஏறிப் போன லொறி! போனும் அணைந்து கிடந்ததே! வண்டியை நடுவீதியிலேயே நிறுத்திவிட்டு ஓடினான்.

"அண்ணே, என்ன நடந்த? லொறிக்கு என்ன நடந்த?"

சவிரிமுத்து அவனை இழுத்துத் தம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் லக்சிறி வந்து தோளைப் பற்றினான். அவனுடைய கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

"அனே மல்லி, தாத்தா இல்லாமப் போறது லேசில்ல. எனக்குத் தெரியும். எண்ட தாத்தா செத்தப்ப நான் மூணு நாள் சாப்பிடல்ல. பெரிய மீசை வச்ச மனுசன். பெட்டிக்குள்ள வச்சும் மீசை அப்பிடியே நிண்டது…"

ஸலாஹுதீன் விழித்தான். தாத்தாவுக்கு மீசையா? ஒரு கணம் கழித்தே அவனுக்கு விளங்கிற்று. சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன் அல்லவா! லக்சிறிக்கு அது தாய்மொழி. சவிரிமுத்து அண்ணனும் தம் தகப்பனாரை அவ்வாறே அழைத்துப் பழகியவர். அவனோ விம்மிய குரலில் 'தாத்தா போயிட்டா' என்று செய்தி அனுப்பியிருக்கிறான்.

"போன் எடுத்துப் பாத்தம், வேலை செய்யல்ல," என்றார் சவிரிமுத்து. "உங்கட ஆக்கள் மையித்தை உடனே அடக்கிடுவீங்கதானே, பிள்ளை அந்த அலுவலில நிக்கும், கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு விட்டம். இண்டைக்குப் பின்னேரம் எல்லாரும் வீட்ட வாறதா இருந்தது. படம் போடுறது உங்கட ஆக்களுக்குச் சரியில்ல எண்டு சந்தியில இருக்கிற புடைவைக்கடை முஸ்லிம் நானா சொன்னார். அதான் வெறும் எழுத்து. இந்தா, இதைப் பிடி."

அவர் பணம் வைத்த கடித உறை ஒன்றை அவனுடைய கையில் திணித்தார். பின்பு வரிசையின் பக்கம் விரலை நீட்டினார். எல்லா வண்டிகளுக்கும் முன்னால், முதலாவது இடம் வெறுமையாக இருந்தது. வேறெவரும் நிறுத்தாதவாறு அங்கே தென்னை மட்டை ஒன்று குறுக்கே போடப்பட்டிருந்தது. துக்கம் விழுந்த வீட்டுக்காரனுக்கு ஏழு நாள் வரையில் முதலிடத்தைக் காத்துவைப்பது அத்தரிப்பிடத்தின் வழமை.

"நேத்து முழுக்க அந்த இடத்தில ஒருத்தரும் நிக்கல்ல," என்றாள் அனஸ்தாசியா. "மட்டையைப் போட்டதே லக்சிறிதான்."

எந்த இடத்தைப் பறிப்பதற்காக லக்சிறி வாரம் முழுவதும் வாதாடினானோ, அந்த வரிசையின் தலையிடத்தையே அவன் வெயிலில் நின்று காவல் காத்திருக்கிறான். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஸலாஹுதீனுக்குள் ஒரு நினைவு ஓடியது. கூட்டம் நடக்காது, இடமும் நிலைக்கும். ஆனால் அழுகின்ற மனிதர்களின் கண்ணீரைப் பொய்க்குக் கூலியாக வாங்கிக்கொள்ள அவனால் இயலவில்லை.

"அண்ணே… ஒருத்தரும் மௌத்தாகல்ல."

"என்ன?"

"தாத்தா எண்டா எங்களுக்கு அக்கா. அக்காதான் மன்னாருக்குக் குடி போயிட்டா. போயிட்டா எண்டுதானே சொன்னேன்? போயிட்டார் எண்டு சொல்லல்லையே!"

முதலில் சிரித்தவள் அனஸ்தாசியா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்குள் ஓடினாள். உள்ளே கோப்பைகள் உருண்ட ஓசை வந்தது.

"அக்காவா?" என்று லக்சிறி கூவினான். "அக்கா பஸ்ஸில போனதுக்கா நான் நேத்து இரா சோறு திங்கல்ல?"

"பஸ் இல்ல அண்ணே, லொறி."

"லொறி! இப்ப அதுதான் முக்கியம்!"

ஸலாஹுதீன் உறையை நீட்டினான். சவிரிமுத்து கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சாவுக்குக் குடுத்ததைத் திருப்பி எடுத்தா, அந்தச் சாவு எடுத்தவன்ட வீட்டுக்கு வரும். எனக்கு வேணாம்."

"சாவே இல்லாத இடத்தில அது என்னெண்டு வரும்?" என்று லக்சிறி வழக்காடத் தொடங்கினான்.

"வாப்பா மௌத்தானது உண்மைதான்," என்றான் ஸலாஹுதீன் தாழ்ந்த குரலில். "இப்ப இல்ல. தொண்ணூறில, நாங்க வந்த புதுசில, கொட்டிலுக்குள்ள. எனக்கு அவர்ட முகம் ஞாபகமில்ல. எல்லாரும் அகதியாக் கிடந்த காலம்; ஆர் ஆருக்குக் கொடி கட்டுறது? அடக்கிற கபன் துணிக்கே கரைத்தீவு ஆக்கள்தான் உதவினாங்களாம். தாத்தாதான் சொல்லுவா."

சவிரிமுத்து கொடிகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தம் வெள்ளைச் சட்டையின் நுனியைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப நாங்க கொஞ்சம் பிந்தித்தான் வந்திருக்கிறம், தம்பி," என்றார்.

அவர் தமது போனையே நீட்டி, அக்காவிடம் பேசுமாறு சொன்னார். மறுமுனையில் கமறியாவின் குரல் கேட்டதும் ஸலாஹுதீன் நடந்ததைக் கூறினான்.

"யா அல்லாஹ்! வந்து ஒரு நாள் முடியல்ல, என்னை மௌத்தாக்கிட்டீங்களா?" என்று அவள் சிரித்தாள்.

"உங்களை இல்ல தாத்தா. வாப்பாவை."

சிரிப்பு நின்றுவிட்டது.

"வாப்பாவுக்கா கொடி கட்டியிருக்கிறாங்க?"

"ஓம். சந்தி வரைக்கும்."

"கழட்ட வேணாமெண்டு சொல்லு மனே. பொழுது படுற வரைக்குமாச்சும் இருக்கட்டும். அவங்களுக்கு நான் துஆச் செய்றேன் எண்டும் சொல்லு. ஒவ்வொருத்தர்ட பேரையும் கேட்டு எனக்குச் சொல்லு."

அவன் பெயர்களைச் சொன்னான். தன் பெயர் வந்தபோது, லக்சிறி ஒன்றுமறியாதவன்போல் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொடிகள் கழற்றப்படவில்லை. உறையிலிருந்தது வாப்பாவின் பெயரால் தரிப்பிடத்து மரண உதவிப் பெட்டிக்குள் போயிற்று; அது ஸலாஹுதீனின் வேண்டுகோள். பிறகு அவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அண்ணே, ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன்? இப்பவே சொல்லுறேன். வரிசையில நிக்கக்குள்ள அந்தச் செயலியை நிப்பாட்டித்தான் வைப்பேன். வரிசைக்கு வெளிய நிண்டா மட்டும்தான் போடுவேன். லக்சிறி அண்ணன் சொன்னது சரி. நிழல் எல்லாருக்கும் சொந்தம்."

"நான் சொன்னது எப்பவும் சரிதான்," என்றான் லக்சிறி.

ஸலாஹுதீன் நடுவீதியில் விட்ட வண்டியை எடுத்துவந்து, வரிசையின் கடைசியில் நிறுத்தினான். துக்கம் இல்லாதவனுக்குத் துக்கத்தின் சலுகை ஆகாது என்பது அவனது எண்ணம்.

முன்னாலிருந்து லக்சிறியின் குரல் எழுந்தது: "ஏய், அங்க என்ன செய்றாய்? மட்டை கிடக்குது, முன்னுக்கு வா!"

"வேணாம் அண்ணே. வரிசை வரிசைதான்."

"கொடி பறக்குதா இல்லையா? கொடி பறந்தா முதலிடம் உனக்கு. அதுதான் சட்டம்!"

"அது எப்படி? இண்டைக்கு நான் விடிய வெள்ளன வந்தவன்," என்று இடையிலிருந்த ஒருவன் குறுக்கிட்டான்.

"நீ பேசாத! அவன்ட தகப்பன் செத்தவர்!"

"அது தொண்ணூறில!"

"தொண்ணூறில குடுக்காததை இப்ப குடுக்கக் கூடாதெண்டு எந்தச் சட்டத்தில இருக்கு? சவிரி அண்ணே, சொல்லுங்க!"

சவிரிமுத்து யோசித்தார். அனஸ்தாசியா ஒரு கட்சியிற் சேர்ந்தாள். இரண்டு சாரதிகள் எதிர்க்கட்சியிற் சேர்ந்தார்கள். ஸலாஹுதீன் வண்டியின் கைப்பிடியைப் பற்றியவாறு அமர்ந்திருந்தான். நேற்றுவரை அவனை வெளியேற்றுவதற்காக எழுந்த அதே குரல்கள், இப்போது அவனை எந்த இடத்தில் இருத்துவது என்று அடித்துக்கொண்டிருந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். அந்தச் சத்தம் அவனுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

கைநிறையப் பைகளோடு வீதியோரத்தில் காத்துநின்ற பெண்ணொருத்தி பொறுமையிழந்தாள்.

"சிலாபம் பக்கம் போகோணும். ஆராவது வாறீங்களா, இல்ல நான் பஸ்ஸில போகவா?"

லக்சிறி மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, வரிசையின் கடைசியில் இருந்த ஸலாஹுதீனை இரண்டு கைகளையும் ஆட்டி முன்னுக்கு அழைத்தான்.